எண்பத்தேழு கடிதங்கள், ஒரு கருத்து

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் மனைவியின் தையல் கடையில் இருந்தவர்கள் என்னையும் சேர்த்து ஆறு பேர். என் மனைவி ஜன்னலோரம், தன் மிஷினுக்குப் பின்னால். என் அக்கா துணி வெட்டும் மேஜையின் மேல், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு. தரையில் உட்கார்ந்தால் முட்டி பிடிக்கும், நாற்காலியில் உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்பாள். அதனால் கடையில் இருந்த ஒரே நாற்காலி போர்வெல்காரருக்குக் கிடைத்தது. முடிதிருத்துபவர், அளவெடுக்கும்போது குழந்தைகளை ஏற்றி நிறுத்தும் முக்காலியில். அக்கா மகளைக் கட்டிய மாப்பிள்ளை, பெரிய ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவர், உடை மாற்றும் இடத்துத் திரைக்குப் பக்கத்தில் நின்றார். உட்காருங்கள் என்று மூன்று முறை சொல்லியும் “பரவால்ல மாமா” என்றே நின்றார். நான் பிரிக்காத துணிக்கட்டு ஒன்றின் மேல், மடியில் எழுதும் பலகையுடன்.

என் சட்டைப் பையில் அலுவலகத்துக் கடிதம் ஒன்று இருந்தது. அதை வாசித்துக் காட்டத்தான் எல்லாரையும் வரச்சொன்னேன். வந்த பிறகு, மின்விசிறி சத்தம் போடுகிறது, அதை நிறுத்தலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“வாசிங்க, ஒண்ணும் ஆகாது,” என்றாள் என் மனைவி. அவள் ஏற்கெனவே வாசித்துவிட்டாள்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்கு வடக்கே, இருபது வருடமாக மூடிக் கிடக்கும் ஒரு கல்குவாரி இருக்கிறது. ஆஸ்பத்திரிகளிலும் தொழிற்சாலைகளிலும் சேரும் கதிரியக்கக் கழிவுகளைப் புதைப்பதற்கு மூன்று இடங்கள் பரிசீலனையில் இருப்பதாகவும், இந்தக் குவாரி அவற்றில் ஒன்று என்றும் மூன்று மாதங்களுக்கு முன் ஓர் அறிவிப்பு வந்தது. ஆதரவாகவோ எதிராகவோ ஐம்பது பேர் தங்கள் கருத்தை எழுதி அனுப்பினால் விசாரணைக் கூட்டத்தை எங்கள் ஊரிலேயே வைப்பார்கள். அதிகாரிகள் இடத்தை நேரில் பார்ப்பார்கள். ஐம்பது வராவிட்டால் கூட்டம் தலைமை அலுவலகத்தில். அங்கே போக ஒரு பகல் முழுக்கப் பயணம். அங்கே யாரும் பேச முடியாது. எழுதிக் கொடுத்ததை மட்டும் பார்ப்பார்கள்.

குவாரிக்குக் கீழ்ச் சரிவில்தான் என் அக்காவின் நர்சரி. ஆய்வுக்கென்று வரைபடத்தில் போட்ட சிவப்புக் கோடு அவளுடைய வேலியைத் தாண்டி உள்ளே வந்து, கிணற்றையும் நாற்பத்தொரு தாய்மரங்களையும் வளைத்துக்கொண்டு போனது. கொய்யா, மாதுளை, எலுமிச்சை என்று அவள் விற்கும் ஒட்டுக்கன்று ஒவ்வொன்றும் அந்த மரங்களிலிருந்து எடுத்ததுதான். தொட்டியில் இருப்பதை வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு இடம் போகலாம். தாய்மரத்தை ஏற்ற முடியாது. அக்காவுக்கு எழுத்து அவ்வளவாக வராது, பேச்சு வரும். ஓர் அதிகாரியை அந்த மரங்களின் கீழ் அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் போதும், மீதியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அதற்கு ஐம்பது கடிதம் வேண்டும். அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தாள்.

நான் கூட்டுறவுப் பண்டகசாலையில் முப்பத்தொரு வருடம் கடிதம் எழுதியவன். ஊரில் எனக்கு ‘மனு’ என்று பெயர். நேரில் ‘மனு அண்ணே’ என்பார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துக் கட்டுரை ஆசிரியர் அடித்தல் திருத்தல் இல்லாத நகலுக்குத்தான் முழு மதிப்பெண் கொடுப்பார். அந்தப் பழக்கம் கைக்குள் ஊறிவிட்டது. நான்கு நாள் உட்கார்ந்து ஒரு கடிதம் தயார் செய்தேன். பொருள், பார்வை, நான்கு பத்திகள், கோரிக்கை. அதைக் கையாலேயே எண்பத்தேழு பிரதி எடுத்து, எண்பத்தேழு பேரிடம் கையெழுத்து வாங்கினேன். கையெழுத்துப் போட வந்தவர்கள் ஆளுக்கு ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்கள். “அது மனுவில் வராது” என்று ஒருவர் விடாமல் திருப்பி அனுப்பினேன். எல்லாக் கடிதங்களையும் மேஜையில் அடுக்கியபோது வரிக்கு வரி ஒரே இடத்தில் முடிந்தது. அன்று எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

இனி அந்த அலுவலகக் கடிதம். வாசித்தேன்.

“தங்கள் ஊரிலிருந்து வந்த எண்பத்தேழு கடிதங்களும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருப்பதால், அவை விதிப்படி ஒரே கருத்தாகப் பதிவு செய்யப்பட்டுள்ளன. தங்கள் சொந்தச் சொற்களில் தனிக் கருத்துத் தெரிவிக்க விரும்புவோர் வரும் வியாழக்கிழமைக்குள் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.”

முடிதிருத்துபவர்தான் முதலில் சிரித்தார்.

“அப்ப எண்பத்தாறு பேர் ஊர்லயே இல்லையா, மனு அண்ணே?”

“சிரிக்காதப்பா,” என்றார் போர்வெல்காரர். ஆனால் அவரும் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“நான் அப்பவே கேட்டேன்,” என்றாள் என் மனைவி. “எண்பத்தேழு பேருக்கும் ஒரே அளவுல சட்டை தச்சா யாருக்குங்க பொருந்தும்னு. கேட்டேனா இல்லையா?”

“கேட்டே.”

“என்ன சொன்னீங்க?”

“இது சட்டை இல்ல, மனுன்னு சொன்னேன்.”

அக்கா காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “டேய், கடுதாசிய இப்படிக் குடு,” என்று வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணு பதிஞ்சிருக்காங்கல்ல?” என்றாள்.

“ஆமா.”

“அப்ப இன்னும் நாப்பத்தொம்பதுதானே. இன்னைக்கு ஞாயிறு. வியாழன் வரைக்கும் நாள் இருக்கு. இதுக்கு எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்கே?”

“அந்த ஒண்ணு உங்களோடதுங்க,” என்றாள் என் மனைவி என்னிடம். “எங்க யாரோடதும் இல்ல. அதனால நீங்க இனிமே உங்க கருத்தைச் சொல்லக் கூடாது. எழுத மட்டும் செய்யுங்க.”

அப்படித்தான் வேலை பிரிந்தது. ஒவ்வொருவரும் பேச வேண்டும். நான் எழுத வேண்டும். எழுதியதை என் மனைவி வாசித்துக் காட்ட வேண்டும். பேசியவர் அது தன் பேச்சுத்தான் என்று ஒப்புக்கொண்டால் கையெழுத்து.

முடிதிருத்துபவரிடமிருந்து ஆரம்பித்தேன். குவாரியை அளக்க வந்த அதிகாரிகளில் ஒருவர் அவர் கடையில் முடி வெட்டிக்கொண்டாராம்.

“எத்தன வருஷத்துக்குக் காவல் காக்கணும் சார்னு கேட்டேன். முந்நூறு வருஷம்னாரு. கத்தரிய கீழ வச்சிட்டேன். எங்கடைக்கு வாடகைப் பத்திரமே வருஷா வருஷம் புதுசாப் போடுறாங்க. முந்நூறு வருஷத்துக்கு யாரு சார் கையெழுத்துப் போடப்போறதுன்னேன். அவரு கண்ணாடியில என்னப் பாத்தாரு, பின்னாடி கொஞ்சம் கொறைங்கன்னாரு. அவ்வளவுதான் பதில்.”

நான் எழுதினேன். என் மனைவி வாங்கி வாசித்தாள். “‘மேற்படி கழிவுகளின் நீண்டகாலக் கண்காணிப்பு குறித்த ஐயப்பாடுகள் எழுகின்றன.’”

“யாரு எழுப்பினது?” என்றார் முடிதிருத்துபவர், திரும்பிப் பார்த்து. “நான் ‘மேற்படி’ன்னு எப்ப சொன்னேன்?”

“கத்தரி எங்க?” என்றாள் அக்கா. “கத்தரியக் கீழ வச்சான்ல, அது எங்க?”

அடித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன். இரண்டாவது முறை கத்தரி வந்தது, கண்ணாடி வந்தது, ‘பின்னாடி கொஞ்சம் குறையுங்கள்’ என்பதும் வந்தது. முடிதிருத்துபவர் அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்து போர்வெல்காரர். அவர் சொன்னதை நான் மூன்று மாதங்களுக்கு முன்பே கேட்டிருக்கிறேன். ‘சம்பவங்கள் தேவையில்லை’ என்று அப்போது விட்டுவிட்டேன்.

“குவாரியோட கெழக்கு ஓரத்துல ஒரு போர் போட்டோம், ஆறு வருஷம் முன்னாடி. நூத்தி நாப்பது அடியில ஒரு வெடிப்பு. காத்தடிச்சு மண்ணு வெளிய தள்ளுறப்ப, காத்து மேல வரவே இல்ல. எங்கடா போவுதுன்னு பாத்துட்டு நிக்கிறோம், கீழ இருந்து அக்கா கத்துறாங்க.”

“கெணறு கொதிக்குதுன்னு கத்தினேன்,” என்றாள் அக்கா. “சோறு கொதிக்கிற மாதிரி குமிழி குமிழியா வந்துச்சு. பயந்துட்டேன்.”

“மேல நாங்க அடிச்ச காத்து, கீழ அவங்க கெணத்துல வந்துச்சு. நடுவுல எண்பது மீட்டர் பாறை. அந்த ஆபீசர்ங்க இது ஒத்தப் பாறை, தண்ணி போகாதுன்னு எழுதியிருக்காங்க. காத்துப் போற வழியில தண்ணி போகாதா?”

நான் பலகையை மடியிலிருந்து எடுத்துவிட்டேன். நான்கு பத்தியில் ‘சுற்றுச்சூழல் பாதிப்பு’ என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தேன். இந்தக் கிணற்றை ஓர் இடத்திலும் எழுதவில்லை. “இதை அப்பவே சேத்திருக்கணும்,” என்றேன்.

“நீங்கதான் மனுவுல வராதுன்னீங்க.”

“ஆமா, சொன்னேன்.”

“பரவால்ல, இப்ப வரட்டும்,” என்றார். அவர் கடிதம் ஒன்றரைப் பக்கம் வந்தது. ஆழம், தேதி, அன்று இருந்த இரண்டு தொழிலாளர்கள் யார் யார் என்பது எல்லாம் அதில் இருந்தது.

என் மனைவியின் கடிதம் என்னை ஆச்சரியப்படுத்தியது. இருபத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம். “பயம் வந்தா மொதல்ல ஊரை விட்டுப் போறது சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடுதான்,” என்றாள் மிஷினைப் பார்த்துக்கொண்டே. “அது எனக்குத்தான் மொதல்ல தெரியும். இந்த வருஷம் இருநூத்திப் பத்து சீருடை தச்சேன். அந்த எண்ணிக்கை எந்த வருஷம் கொறையுதோ, அந்த வருஷம் இந்த ஊர் காலியாக ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். கழிவு கசியணும்னே இல்ல. அறிவிப்புப் பலகை வச்சாலே போதும்.” எழுதி முடித்து நான் அவளைப் பார்த்தேன். “என்ன, மனுவுல வருமா?” என்றாள்.

அக்காவின் கடிதத்தில் நாற்பத்தொரு மரமும் வந்தன. எது எந்த வருடம் நட்டது, எது எந்த மழையில் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தது என்று வரிசையாகச் சொன்னாள். நடுவில் நிறுத்தலாமா என்று கேட்டேன். “எண்பத்தேழு தடவ எழுதினே, நாப்பத்தொண்ணு எழுத வலிக்குதா?” என்றாள். எழுதினேன்.

ஆக அன்று நான்கு. மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் திரையின் ஓரத்தைச் சுருட்டியும் விரித்தும் கொண்டிருந்தார்.

“நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை.”

“எனக்கு இன்னைக்கு டூட்டி இருக்கு மாமா. அப்புறம் சொல்றேன்.”

அந்த எண்பத்தேழில் இருந்த அவருடைய கையெழுத்தை அக்கா மகள்தான் வாங்கிவந்தாள். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் தாளை வைத்தாளாம், இடது கையால் தட்டைத் தள்ளி வலது கையால் போட்டுக் கொடுத்தாராம். வாசித்துவிட்டுப் போட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

திங்களன்று பதினாறு பேர் வந்தார்கள். அக்கா மகள் அதில் முதலாவது. செவ்வாயன்று பதினைந்து. குவாரிக் குட்டையில் நீச்சல் கற்றவர்கள் மட்டும் ஐந்து பேர். கற்றுக்கொடுத்தவர் ஒருவரே என்பதால் ஐந்து கடிதமும் ஒன்றாகிவிடுமோ என்று எனக்குக் கவலை. “ஒவ்வொருத்தரும் எப்படி முங்கினாங்கன்னு எழுதுங்க,” என்றாள் என் மனைவி. ஐந்து பேரும் ஐந்து விதமாக முங்கியிருந்தார்கள். ‘என் பிள்ளைகள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தியவர்களிடம், பிள்ளை அந்தப் பக்கம் போய் என்ன செய்யும் என்று கேட்டேன். ஒரு பெண் தன் மகன் குவாரிச் சுவரைப் பார்த்துத் தன் பெயரைக் கத்துவான் என்றும், சுவர் அதைத் திருப்பிச் சொல்லும் என்றும், இரண்டு மாதமாக அங்கே போகாதே என்று அடிக்கிறேன் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு, “இதெல்லாம் எழுதுவீங்களா?” என்றாள். எழுதினேன்.

என் கை ‘மேற்படி’யை மறக்க செவ்வாய் மாலை வரை ஆனது. கடையில் அதற்கு ஒரு வழி செய்துவிட்டார்கள். நான் எழுதியதில் அந்தச் சொல் வந்தால் வாசிக்கும்போது என் மனைவி மிஷினை ஒரு சுற்று ஓட்டுவாள். டடடட என்று சத்தம் வந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். தைக்கக் கொடுத்தவர்கள் துணி வாங்கவே வந்திருந்தாலும் அரை மணி உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் போனார்கள். முப்பத்தொரு வருடத்தில் என் கடிதத்தை ஒருவர் உட்கார்ந்து கேட்டதாக நினைவில்லை.

புதன்கிழமை வேகம் குறைந்தது. ஒன்பது பேர்தான். வரக்கூடியவர்கள் வந்துவிட்டார்கள். மற்றவர்களில் பலர் வெளியூர் வேலைக்குப் போயிருந்தார்கள். சிலர் “அதான் ஒரு தடவ போட்டாச்சே” என்றார்கள். ஒருவர் மட்டும் யோசித்துப் பார்த்துவிட்டு, தனக்கு இதைப்பற்றிச் சொந்தமாக ஒன்றும் தோன்றவில்லை, எல்லாரும் போட்டார்கள் என்றுதான் போட்டேன் என்று நேர்மையாகச் சொன்னார். வியாழன் மதியத்துக்குள் இன்னும் நான்கு சேர்ந்தன. கூட்டிப் பார்த்தேன். நாற்பத்தெட்டு. ஏற்கெனவே பதிவான என்னுடையதைச் சேர்த்தால் நாற்பத்தொன்பது.

தபால் அலுவலகத்தில் பதிவுத் தபால் நான்கு மணிக்கு நிறுத்திவிடுவார்கள். மணி இரண்டேகால். என் மனைவி டயர் கடைக்கும் அதற்கு அடுத்த வீட்டுக்கும் போய்ப் பார்த்துவிட்டு, இரண்டும் பூட்டு என்று திரும்பி வந்தாள். அக்கா வெட்டு மேஜையின் மேல், அதே இடத்தில். மூவருக்கும் ஒரே ஆள் நினைவுக்கு வந்தார் என்று நினைக்கிறேன்.

இரண்டரை மணிக்கு அவரே வந்தார். டூட்டி முடித்து நேராக வந்திருக்கிறார். ஆஸ்பத்திரி அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது.

“எத்தன ஆச்சு மாமா?”

“நாப்பத்தொம்பது.”

அவர் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை உட்காராதவர் அன்று நாற்காலியில் உட்கார்ந்து, அட்டையைக் கழற்றிப் பையில் வைத்தார்.

“நான் எழுதாம இருந்தா யாருக்கும் எதிரா இருக்க மாட்டேன்னு நெனச்சேன். இப்ப எழுதலன்னா அத்தைக்குக் கூட்டமே இல்லாமப் போயிடும். எழுதினா அத்தைக்கு எதிராத்தான் எழுதணும். ரெண்டு நாளா இதே யோசனை.”

“எதிராவா?” என்றாள் என் மனைவி.

“எதிரான்னா...” என்று அக்காவைப் பார்த்தார்.

“என்னைப் பாக்காதீங்க மாப்பிள்ளை,” என்றாள் அக்கா. “அவன் எழுதுறான், அவனப் பாத்துச் சொல்லுங்க. எனக்குக் கஷ்டமா இருக்கா இல்லையான்னு நான் அப்புறம் சொல்றேன்.”

நான் அறிவிப்பை எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். ஆதரவாகவோ எதிராகவோ. எந்தப் பக்கமாக இருந்தாலும் ஒன்று ஒன்றுதான்.

“எங்க பிரிவுல ஒரு பழைய கருவி இருந்துச்சு,” என்று ஆரம்பித்தார். “அதக் கழட்டினப்ப, கதிர்வீச்சு வர்ற பொருள தனியா எடுத்து ஈயப் பெட்டிக்குள்ள வச்சாங்க. கொண்டுபோய் வைக்க நாட்டுல எடமே இல்ல. அதனால பதினோரு வருஷமா என் அறைக்குப் பின்னால, ஒரு பூட்டின ரூம்ல இருக்கு. அந்த ரூம் கூரைக்கு மேலதான் குழந்தைங்க வார்டுக்குப் போற படிக்கட்டு. நான் தெனமும் காலையில அளவு பாத்து நோட்டுல எழுதுறேன். கசிவு ஒண்ணும் இல்ல. ஆனா அது அங்க இருக்க வேண்டிய சாமான் இல்ல மாமா. எங்கயோ ஒரு எடத்துக்குப் போயாகணும். எந்த ஊரக் கேட்டாலும் எங்க ஊரு வேணாம்னுதான் சொல்லும். நாமளும் அதையே சொன்னா, அது படிக்குக் கீழயேதான் இருக்கும். குவாரிதான் சரியான எடம்னு நான் சொல்லல. போர்வெல்காரர் சொன்னதக் கேட்ட பிறகு எனக்கே சந்தேகம். ஆனா ஒரு எடம் வேணும். வேணவே வேணாம்னு என்னால கையெழுத்துப் போட முடியாது. அன்னைக்குப் போட்டது தப்பு.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் எழுதினேன். எழுதும்போது அக்காவின் கால் ஆடாமல் நின்றிருந்தது கண்ணில் பட்டது. நாற்பத்தொரு மரம். சிவப்புக் கோடு. என் பேனா தானாக ஒரு முடிவு எடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஐந்தே வரியில் முடித்தேன். என் மனைவி வாசித்தாள்.

“‘இத்தகைய கழிவுகளைப் பாதுகாப்பாக வைப்பது அவசியம் என்பதை நான் உணர்கிறேன். ஆயினும் உரிய ஆய்வுகளுக்குப் பின்னரே இடத்தை முடிவு செய்ய வேண்டும் என்பது என் பணிவான கருத்து.’”

மிஷின் ஓடவில்லை. அதில் ‘மேற்படி’ இல்லை.

“சரி மாமா, போதும்,” என்று மாப்பிள்ளை பேனாவுக்குக் கை நீட்டினார்.

“என்ன சரி?” என்றாள் அக்கா. மேஜையிலிருந்து இறங்கினாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள், ஆனால் இறங்கினாள். “படிக்கட்டு எங்கடா?”

தாளைத் திருப்பி வாங்க என் மனைவியிடம் கை நீட்டினேன்.

“அந்தக் கத்தரிய எழுதினே. அந்தப் பையன் சுவத்தப் பாத்துக் கத்துறத எழுதினே. மாப்பிள்ளையோட படிக்கட்ட மட்டும் எங்க ஒளிச்சு வச்சே?”

“அக்கா, உனக்குத்தான்...”

“எனக்கு என்ன? போன வருஷம் பேரனச் சேத்தப்ப அந்தப் படியில மூணு நாள் ஏறி எறங்கினேன். ஏற முடியாம நடுவுல உக்காந்து வேற இருந்தேன். கீழ இது இருக்குன்னு எனக்குத் தெரியாது.” மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். “பதினோரு வருஷமா உங்க பொண்டாட்டிகிட்டயாவது சொன்னீங்களா?”

“சொல்லல அத்தை. பயப்படுவா.”

“பயப்படட்டும். சாயங்காலம் போய்ச் சொல்லுங்க.” மறுபடி என்னிடம். “கூட்டத்துல நான் இவருக்குப் பதில் சொல்லணும். இவர் சொன்னது காயிதத்துல இருந்தாத்தானே நான் பதில் சொல்ல முடியும்? நீ பூசி மெழுகிக் குடுத்தா, நான் சுவத்தப் பாத்தா பேசுறது? எங்கெணத்துல குமிழி வந்ததும் நெசம், படிக்குக் கீழ பெட்டி இருக்கிறதும் நெசம். ரெண்டையும் அந்த ஆபீசருங்க ஒரே எடத்துல உக்காந்து கேக்கட்டும். எழுது.”

“அத்தை, மரம் போயிடுச்சுன்னா...”

“நீங்க எழுதறதாலயா போகப் போகுது? நான் பேசத் தெரியாமப் பேசினாத்தான் போகும். எனக்கா பேசத் தெரியாது?”

என் மனைவி “அண்ணிக்கா?” என்று சிரித்துவிட்டாள். மாப்பிள்ளைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் முகத்தில் நான் பார்க்காத சிரிப்பு.

புதுத் தாள் எடுத்தேன். “முதல்லேருந்து சொல்லுங்க மாப்பிள்ளை, மெதுவா.” சொன்னார். பெட்டி, பூட்டு, படிக்கட்டு, நோட்டு, பதினோரு வருடம், அன்று போட்ட தப்பான கையெழுத்து, எல்லாம் அவர் சொன்ன வரிசையிலேயே வந்தன. ஒரே ஓர் இடத்தில் நிறுத்தி, “‘சாமான்’னே எழுதட்டுமா, ‘பொருள்’னு போடவா?” என்று கேட்டேன். “சாமான்னே போடுங்க மாமா,” என்றார். என் மனைவி வாசித்தாள். அது முடியும் வரை அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றே கேட்டாள். முடிந்ததும், “நல்லாத்தான் பேசுறீங்க,” என்றாள் அவரிடம், கொஞ்சம் எரிச்சலோடு. “வீட்டுல ஏன் இப்படிப் பேச மாட்டேங்கிறீங்க?”

அவர் கையெழுத்துப் போட்டார். இந்த முறை முதலிலிருந்து கடைசி வரை வாசித்துவிட்டு.

மணி மூன்றேகால். நாற்பத்தொன்பது கடிதங்களையும் தேதிவாரியாக அடுக்கினேன். விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. முடிதிருத்துபவருடையது முக்கால் பக்கம், போர்வெல்காரருடையது ஒன்றரை, அக்காவுடையது நான்கு. மாப்பிள்ளையுடையதை நடுவில் செருகலாம் என்று கை போனது. பிறகு, வந்த வரிசைப்படி கடைசியாகத்தான் வர வேண்டும், அதுதான் முறை என்று அடியில் வைத்தேன். மேலே ஒரு முகப்புக் கடிதம் வைத்தேன், இரண்டே வரி: ‘இத்துடன் நாற்பத்தொன்பது தனிக் கருத்துகள். ஏற்கெனவே பதிவான ஒன்றுடன் சேர்த்து ஐம்பது. கூட்டத்தை எங்கள் ஊரில் வைக்கவும்.’

பழுப்பு உறை பிதுங்கியது. என் மனைவி வாயை அமுக்கிப் பிடித்தாள், நான் பசை தடவினேன். பசை போதவில்லை என்று அவள் தடித்த நூல் கோத்து, உறையின் வாயை ஓரத்தோடு நாலு தையல் போட்டாள். அதன் மேல் நான் காகிதத் துண்டு ஒட்டி, உள்ளங்கையால் தேய்த்தேன்.

தபால் அலுவலகம் அடுத்த தெருவில்தான். நாங்கள் நால்வரும் நடந்தே போனோம், கடையைப் பூட்டிவிட்டு. அக்காவும் மாப்பிள்ளையும் முன்னால். உறையை அக்கா நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். “அந்த ஈயம் எத்தன விரல் கனம் இருக்கும்?” என்று அவள் கேட்பதும், அவர் நின்று கையை விரித்துக் காட்டுவதும், “அவ்வளவுதானா? பாறையில வெடிப்பு இருந்தா அதுக்கு என்ன செய்வீங்க?” என்று அவள் மறுபடி நடப்பதுமாக எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

“கூட்டம் இப்பவே ஆரம்பிச்சிருச்சு,” என்றாள் என் மனைவி.

தபால் எழுத்தர் உறையை எடை போட்டார். “தைச்சு வேற வச்சிருக்கீங்க. உள்ள என்ன?”

“கடுதாசிங்க,” என்றாள் அக்கா.

“எல்லாம் ஒரே மாதிரியா? ஒண்ணு போட்டா போதாதா?”

“ஒண்ணுகூட ஒரே மாதிரி இல்ல,” என்றாள் அக்கா. “அதுல ஒண்ணு எனக்கே எதிரா இருக்கு.” மாப்பிள்ளையைக் கை காட்டினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

எழுத்தர் அதை நம்பினாரோ இல்லையோ, மூன்று நாற்பதுக்கு முத்திரை குத்தினார். அன்றைய தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று நான் எட்டிப் பார்த்தேன்; விழுந்திருந்தது. அவர் உறையைத் திருப்பி, பின்பக்கமும் ஒன்று குத்தி, வாய் திறந்திருந்த கோணிப்பைக்குள் போட்டார்.